போலந்துக் குழந்தைகள் ஜாம்நகருக்கு வந்த வழி: சோவியத் நாடுகடத்தலில் குடும்பங்கள் பிழைத்தது எப்படி?

2024 ஆகஸ்டில் பிரதமர் நரேந்திர மோடி போலந்து சென்றார். இந்தியப் பிரதமர் ஒருவர் அங்கே போய் 45 ஆண்டுகள் ஆகியிருந்தன. வார்சாவில் 'நல்ல மகாராஜா' நினைவிடத்திலும் கோலாப்பூர் நினைவிடத்திலும் அவர் மலர் வைத்தார். இரண்டாம் உலகப் போரில் போலந்துக் குழந்தைகளுக்கு நவாநகர் மன்னர் ஜாம் சாகேப் திக்விஜய்சிங்ஜி அடைக்கலம் தந்த செய்தி அப்போது தமிழ் ஊடகங்களிலும் வந்தது. கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு கதையும் சுற்றியது. போலந்துப் பெண்களும் குழந்தைகளும் ஏறிய கப்பலை எந்தத் துறைமுகமும் உள்ளே விடவில்லையாம். அது அலைந்து அலைந்து கடைசியில் ஜாம்நகர் வந்து சேர்ந்ததாம்.

அப்படி ஒரு கப்பல் அலையவில்லை. முதல் குழந்தைகள் லாரியில், தரைவழியாக இந்தியாவுக்கு வந்தார்கள். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இந்தச் செய்திகளில் விடுபட்டுப்போனது. போலந்தைப் பிடித்தவர் ஹிட்லர் என்றுதானே படித்திருக்கிறோம்? அவரிடமிருந்து தப்பியவர்கள் நடு ஆசியா, ஈரான் வழியாகக் குஜராத்துக்கு ஏன் வரவேண்டும்?

அந்தக் குழந்தைகள் வந்தது ஸ்டாலினின் சோவியத் ஒன்றியத்திலிருந்து. ஆர்க்காங்கெல்ஸ்க் காடுகளிலிருந்தும் கசகஸ்தான் புல்வெளிகளிலிருந்தும் வந்தவர்கள் அவர்கள். மன்னரின் கருணை இந்தக் கதையின் பிற்பகுதி. அதற்கு முன்னால், 1940 முதல் 1942 வரை, லட்சக்கணக்கான குடும்பங்கள் நாடுகடத்தலையும் கட்டாய உழைப்பையும் பசியையும் கடந்தன. அவை எப்படிப் பிழைத்தன, எவை பிழைக்கவில்லை என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

ஒரே மாதத்தில் இரண்டு படையெடுப்புகள்

1939 ஆகஸ்ட் 23 அன்று ஜெர்மனியும் சோவியத் ஒன்றியமும் ஒன்றையொன்று தாக்குவதில்லை என ஒப்பந்தம் செய்துகொண்டன. இரு வெளியுறவு அமைச்சர்களின் பெயரால் அது மொலொடோவ்–ரிப்பன்ட்ராப் ஒப்பந்தம் எனப்படுகிறது. அதில் ஓர் இரகசிய இணைப்பும் இருந்தது. கிழக்கு ஐரோப்பாவை இரு நாடுகளும் பங்கு போட்டுக்கொள்வது பற்றியது அது.

செப்டம்பர் 1 அன்று ஜெர்மனி மேற்கிலிருந்து போலந்துக்குள் நுழைந்தது. செப்டம்பர் 17 அன்று சோவியத் இராணுவமான செஞ்சேனை கிழக்கிலிருந்து நுழைந்தது. அந்த மாதம் முடிவதற்குள் போலந்து இரண்டாகப் பிளக்கப்பட்டுவிட்டது.

சோவியத் பக்கம் போன பகுதியைப் போலந்து மக்கள் 'கிரேசி' என்பார்கள். எல்லையோரப் பகுதி என்று பொருள். சுமார் 2 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பு, ஏறக்குறைய 1.3 கோடி மக்கள். போலந்தியர், உக்ரைனியர், பெலாரசியர், யூதர், லித்துவேனியர் எனப் பலரும் கலந்து வாழ்ந்த மண் அது. 1939 அக்டோபரில் அங்கே ஒரு தேர்தல் நடத்தப்பட்டது. வேட்பாளர்களை முடிவு செய்தது சோவியத் நிர்வாகம். நவம்பரில் அந்தப் பகுதி சோவியத் உக்ரைனோடும் சோவியத் பெலாரசோடும் இணைக்கப்பட்டது. அங்கே இருந்தவர்கள் சோவியத் குடிமக்களாக அறிவிக்கப்பட்டார்கள்.

ஜெர்மனி பிடித்த பாதியிலும் கட்டாய உழைப்பு இருந்தது. போர்க்காலத்தில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட போலந்தியர் ஜெர்மனியின் பண்ணைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யக் கொண்டுபோகப்பட்டார்கள். 1940 மார்ச் முதல் அவர்கள் 'பி' என்ற எழுத்துப் பொறித்த துணியைச் சட்டையில் தைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அங்கே பெரும்பாலும் உழைக்கத் தெம்புள்ளவர்களைத் தனியாகப் பிரித்து எடுத்துப்போனார்கள். சோவியத் தரப்போ பாட்டி முதல் கைக்குழந்தை வரை முழுக் குடும்பத்தையும் சேர்த்து அனுப்பியது. பிறகு நடந்ததையெல்லாம் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு உதவும்.

யாரை எடுத்தார்கள்: நான்கு அலைகள்

நாடுகடத்தலை நடத்தியது என்.கே.வி.டி. எனப்பட்ட சோவியத் உள்துறைக் காவல் அமைப்பு. யாரும் தனிப்பட்ட முறையில் விசாரிக்கப்படவில்லை. எந்த வகைப்பட்டியலில் ஒரு குடும்பத்தின் பெயர் இருந்ததோ அதுதான் அதன் தலைவிதியை முடிவு செய்தது.

1. 1940 பிப்ரவரி 10: சுமார் 1,40,000 பேர். 'ஒசாத்னிக்' எனப்பட்ட குடியேறிகளும் வனத்துறை ஊழியர்களும், அவர்கள் குடும்பங்களும். 1920ஆம் ஆண்டுப் போரில் சோவியத் படைக்கு எதிராகச் சண்டையிட்ட வீரர்களுக்குப் போலந்து அரசு கிழக்கில் நிலம் கொடுத்திருந்தது. அவர்களே ஒசாத்னிக்குகள். அந்த நிலப் பங்கீடு அக்கம்பக்கத்து உக்ரைனிய, பெலாரசிய விவசாயிகளிடம் மனக்கசப்பை உண்டாக்கியிருந்ததையும் சொல்லியாக வேண்டும். கைது செய்ய வந்த குழுக்களில் சில இடங்களில் அதே ஊர்க்காரர்களும் இருந்தார்கள்.

2. 1940 ஏப்ரல் 13: சுமார் 61,000 பேர். கைதானவர்கள், போர்க்கைதிகளான அதிகாரிகள், காவலர்கள் ஆகியோரின் குடும்பங்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். போன இடம் கசகஸ்தான்.

3. 1940 ஜூன் இறுதி: சுமார் 78,000 பேர். ஜெர்மனி பிடித்த மேற்குப் போலந்திலிருந்து கிழக்கே தப்பி வந்த அகதிகள். பெரும்பாலோர் யூதர்கள். சோவியத் குடியுரிமை வேண்டாம், ஊர் திரும்ப வேண்டும் என்று பதிவு செய்ததே இவர்களில் பலரது குற்றம்.

4. 1941 மே–ஜூன்: சுமார் 40,000 பேர். முந்தைய அலைகளில் விடுபட்டவர்கள். மேற்கு பெலாரசில் இது ஜூன் 19–20 இரவில் நடந்தது. இரண்டே நாளில் ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தைத் தாக்கியது. சில ரயில்கள் மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசின.

இரண்டாவது அலைக்குப் பின்னால் இருந்த கணக்கு கொடியது. 1940 மார்ச் 2 அன்று, போர்க்கைதிகளின் குடும்பங்களைப் பத்து ஆண்டுகளுக்குக் கசகஸ்தானுக்கு அனுப்ப மாஸ்கோவில் முடிவெடுத்தார்கள். மூன்று நாள் கழித்து, மார்ச் 5 அன்று, அந்தக் கைதிகளையே சுட்டுக்கொல்ல முடிவெடுத்தார்கள். இதுதான் கத்தீன் படுகொலை. சுமார் 22,000 பேர் கொல்லப்பட்டார்கள். மனைவியும் பிள்ளைகளும் சரக்கு ரயிலில் கிழக்கே போய்க்கொண்டிருந்த அதே வாரங்களில் கணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். கசகஸ்தானில் அந்தப் பெண்கள் மாதக்கணக்கில் கடிதத்துக்காகக் காத்திருந்தார்கள். அந்த வசந்தத்தோடு கடிதங்கள் நின்றுபோயிருந்தன.

கதவு தட்டப்பட்ட இரவிலிருந்து ரயில் நின்ற இடம் வரை

பிழைத்தவர்களின் சாட்சியங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவை ஒன்றையொன்று பெரிதும் ஒத்திருக்கின்றன. பொழுது விடியும் முன் கதவு தட்டப்படும். ஆயுதம் ஏந்தியவர்கள் உள்ளே வந்து ஆண்களைச் சுவரோரம் நிறுத்துவார்கள். ஒரு தாளைப் படிப்பார்கள். மூட்டை கட்ட அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ தருவார்கள்.

விதிப்படி ஒரு குடும்பம் 500 கிலோ வரை பொருள் எடுத்துச் செல்லலாம். நடப்பில் அது வந்த அதிகாரியின் மனத்தைப் பொறுத்தது. சிலர் 'எங்கே போகிறோம்' என்று கேட்ட பெண்ணிடம் சாடையாக, கனமான உடுப்பையெல்லாம் எடு என்றார்கள். சிலர் கையில் கிடைத்ததோடு விரட்டினார்கள். அந்த அரை மணி நேரத்தில் வீட்டுப் பெண் எதை எடுத்தாள் என்பது அடுத்த இரண்டு ஆண்டுகளின் உயிர் மரணக் கணக்காக மாறியது. தையல் இயந்திரம், இறகு மெத்தை, கம்பளிக் கோட்டு, மாவு மூட்டை, கோடரி, ரம்பம். இவற்றை எடுத்தவர்களுக்குப் பின்னால் வழி இருந்தது. அதிர்ச்சியில் உட்கார்ந்துவிட்டவர்களின் குழந்தைகள் மெல்லிய உடையோடு பிப்ரவரிக் குளிரில் பனிச்சறுக்கு வண்டியில் ஏறினார்கள். அந்தக் குளிர்காலத்தில் சில இடங்களில் வெப்பநிலை மைனஸ் 30, 40 டிகிரி வரை இறங்கியிருந்தது.

ரயில் என்பது கால்நடையும் சரக்கும் ஏற்றும் பெட்டிகள். இரண்டு பக்கமும் மரப்பலகைத் தட்டுகள், நடுவில் ஓர் இரும்பு அடுப்பு, கழிப்புக்குத் தரையில் ஓர் ஓட்டை. வெளியிலிருந்து பூட்டு. பயணம் இரண்டு வாரம் முதல் நான்கு வாரம் வரை நீண்டது. பெரிய நிலையங்களில் வாளியோடு ஒருவரை இறக்கி வெந்நீர் பிடித்துவர விடுவார்கள். முதியவர்களும் கைக்குழந்தைகளும் வழியிலேயே இறந்தார்கள். உடலைத் தண்டவாளத்தின் ஓரம் பனியில் வைத்துவிட்டு ரயில் நகர்ந்தது. அடக்கம் செய்ய நேரம் இல்லை. செய்திருந்தாலும் திரும்பிவந்து பார்க்க அந்த இடத்துக்குப் பெயர் இல்லை.

'முகாம்' என்ற ஒரே சொல்லில் அடங்காத மூன்று நிலைகள்

செய்திகளில் எல்லாமே 'சைபீரிய முகாம்' என்றுதான் வருகிறது. உண்மையில் மூன்று வெவ்வேறு ஏற்பாடுகள் இருந்தன. இடங்களும் சைபீரியா மட்டும் அல்ல. ஐரோப்பிய ரஷ்யாவின் வடக்கும் உரால் பகுதியும் கசகஸ்தானும் இதில் அடக்கம்.

முதலாவது, குலாக் உழைப்பு முகாம். கைதாகித் தண்டனை பெற்றவர்களுக்கு உரியது. முள்வேலி, காவல் கோபுரம், தண்டனைக் காலம் எல்லாம் உண்டு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட போலந்துக் குடிமக்கள் தனித்தனியாகக் கைது செய்யப்பட்டார்கள். பலர் கோலிமா, வர்க்குதா போன்ற இடங்களுக்குப் போனார்கள்.

இரண்டாவது, சிறப்புக் குடியிருப்பு. பிப்ரவரி, ஜூன் அலைகளில் வந்த குடும்பங்கள் பெரும்பாலும் இங்கே வைக்கப்பட்டன. ஆர்க்காங்கெல்ஸ்க், கோமி, வோலோக்டா, ஸ்வெர்ட்லோவ்ஸ்க், கிராஸ்னோயார்ஸ்க் காடுகளுக்குள் மரக்கொட்டகைகள். முள்வேலி இருக்காது. சுற்றிலும் காடும் பனியும் இருக்கும்போது வேலி தேவைப்படவில்லை. என்.கே.வி.டி. தளபதி ஒருவர் பொறுப்பில் இருப்பார். அனுமதியின்றி வெளியே போவது தண்டனைக்குரியது. கூலியிலிருந்து 10 சதவீதத்தைத் தளபதி அலுவலகச் செலவுக்குப் பிடித்துக்கொண்டார்கள். தங்களைக் காவல் காப்பதற்கான செலவையும் அந்தக் குடும்பங்களே சுமந்தன.

மூன்றாவது, நிர்வாக நாடுகடத்தல். ஏப்ரல் அலைப் பெண்கள் கசகஸ்தானின் கூட்டுப்பண்ணைகளிலும் அரசுப் பண்ணைகளிலும் இறக்கிவிடப்பட்டார்கள். கொட்டகைகூடத் தரப்படவில்லை. உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் மண்குடிசையில் ஒரு மூலையை வாடகைக்குப் பிடிக்க வேண்டும். வேலையையும் தாங்களே தேட வேண்டும். பெயருக்குச் சுதந்திரம் கொஞ்சம் கூடுதல். பாதுகாப்பு மிகக் குறைவு.

வேலையும் ரொட்டியும்

காட்டுக் குடியிருப்புகளில் வேலை மரம் வெட்டுவது. இருவர் இழுக்கும் ரம்பத்தால் மரத்தைச் சாய்த்து, கிளை கழித்து, அறுத்து அடுக்க வேண்டும். வசந்தத்தில் பனி உருகியதும் மரங்களை ஆற்றில் விட வேண்டும். ஆசிரியர்களும் விவசாயிகளும், 16 வயது நிரம்பியவர்களும் பல இடங்களில் அதைவிடச் சிறியவர்களும் இதைச் செய்தார்கள்.

ஒரு நாளைக்கு இவ்வளவு என்ற கணக்குக்கு 'நார்மா' என்று பெயர். நார்மாவை எட்டினால் முழு ரொட்டி. எட்டாவிட்டால் குறைவு. வேலை செய்யாத குழந்தைக்கும் கிழவருக்கும் சில நூறு கிராம், சில இடங்களில் அதுவும் இல்லை. ரொட்டி குறைந்தால் உடல் தளரும். தளர்ந்த உடல் மறுநாள் இன்னும் குறைவாக வெட்டும். ரொட்டி இன்னும் குறையும். ஒருவர் நோயில் படுத்தால் மொத்தக் குடும்பமும் அந்தச் சுழலில் இறங்கியது.

அப்படியானால் பிழைத்த குடும்பங்கள் எப்படிப் பிழைத்தன? சாட்சியங்களில் திரும்பத் திரும்ப வரும் காரணங்கள் இவை.

1. உழைக்கும் கைகளுக்கும் உண்ணும் வாய்களுக்கும் இடையிலான விகிதம். வளர்ந்த இரண்டு மகன்கள் உள்ள வீடும், நான்கு சிறு குழந்தைகளோடு தனித்த தாயின் வீடும் ஒரே குளிர்காலத்தை வெவ்வேறு விதமாகச் சந்தித்தன. பெற்றோரின் மனவுறுதியைப் புகழ்ந்து எழுதுவது எளிது. ஆனால் மனவுறுதி மிக்க தாய்மார்களின் குழந்தைகளும் செத்தார்கள்.

2. விற்க ஏதாவது இருந்ததா என்பது. அந்தக் கிராமங்களில் துணி கிடைப்பது அரிது. ஒரு படுக்கை விரிப்புக்கு உருளைக்கிழங்கு, ஒரு கோட்டுக்குப் பால், மணநாளில் அணிந்த உடைக்கு மாவு என்று பண்டமாற்று நடந்தது. தையல் தெரிந்த பெண் ஊர்ப் பெண்களுக்குத் தைத்துக் கொடுத்துத் தன் பிள்ளைகளுக்குச் சோறு போட்டாள்.

3. அஞ்சல். குலாக் முகாம்களில் இருந்த கெடுபிடி இங்கே இல்லை. கடிதம் எழுதலாம், பொட்டலம் வரும். ஊரில் விட்டுவந்த உறவினர்கள் கொழுப்பும் தானியமும் வெங்காயமும் அனுப்பினார்கள். 1941 ஜூனில் ஜெர்மனி தாக்கியதும் இந்த வழி அடைபட்டது.

4. சுற்றுப்புறம். காட்டில் கோடையில் காளானும் பெர்ரிப் பழமும் கிடைத்தன. பைன் இலைகளைக் கொதிக்கவைத்துக் குடித்து ஸ்கர்வி நோயைத் தள்ளிப்போட்டார்கள். சத்துக் குறைவால் மாலைக்கண் பரவலாக வந்தது. இருட்டிய பின் பெரியவர்களைக் குழந்தைகள் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். கசகஸ்தான் புல்வெளியில் மரமே இல்லை. சாணத்தையும் வைக்கோலையும் சேர்த்து வறட்டி தட்டி, அதை எரித்துத்தான் குளிர்காலத்தைக் கழித்தார்கள். லிவோவ் போன்ற நகரங்களில் அதிகாரிகளின் மனைவிகளாக வாழ்ந்த பெண்கள் அதைக் கசக் பெண்களிடம் கற்றுக்கொண்டார்கள். தங்களுக்கே உணவில்லாத அந்தக் கசக் குடும்பங்கள் பல நேரம் பால் கொடுத்து உதவின. அந்த நன்றி பல சாட்சியங்களில் பதிவாகியிருக்கிறது.

1941: விடுதலை வந்தது, செய்தி வரவில்லை

1941 ஜூன் 22 அன்று ஜெர்மனி தாக்கியதும் எல்லாம் தலைகீழானது. நேற்றுவரை போலந்தைப் பங்கு போட்ட சோவியத் ஒன்றியம் இன்று ஜெர்மனிக்கு எதிராகப் போலந்தின் கூட்டாளி. ஜூலை 30 அன்று, நாட்டை இழந்து லண்டனிலிருந்து இயங்கிய போலந்து அரசின் பிரதமர் சிகோர்ஸ்கியும் சோவியத் தூதர் மைஸ்கியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஆகஸ்ட் 12 அன்று 'பொதுமன்னிப்பு' அறிவிக்கப்பட்டது. எந்தக் குற்றமும் செய்யாதவர்களுக்கு மன்னிப்பு என்பதைப் போலந்துத் தரப்பு மனக்குமுறலோடுதான் ஏற்றது. வேறு வழி இருக்கவில்லை.

சோவியத் மண்ணிலேயே ஒரு போலந்துப் படை அமைக்கவும் ஒப்புக்கொள்ளப்பட்டது. தளபதி விளாடிஸ்வாஃப் ஆண்டர்ஸ். மாஸ்கோவின் லுபியான்கா சிறையிலிருந்து வெளியே வந்த சில நாளிலேயே அவர் அந்தப் பொறுப்பை ஏற்றார்.

காடுகளுக்குள் இருந்தவர்களுக்கு இது தெரிய வாரங்களும் மாதங்களும் ஆயின. வேலையாட்களை இழக்க விரும்பாத தளபதிகள் செய்தியை மறைத்தார்கள். சிலர் சொன்னார்கள், ஆனால் பயணச்சீட்டோ வண்டியோ தரவில்லை. தெரிந்துகொண்ட குடும்பங்கள் மிச்சமிருந்த துணிமணிகளை விற்று, ஆற்றில் தெப்பம் கட்டி, நாள்கணக்கில் நடந்து, ரயில் நிலையங்களை அடைந்தன. எல்லாரும் தெற்கே போனார்கள். தெற்கில் வெயில் இருக்கும், பழம் இருக்கும், நம் படை இருக்கும் என்ற நம்பிக்கை.

மிக அதிகமானோர் இறந்தது விடுதலைக்குப் பிறகு

உஸ்பெகிஸ்தானும் சுற்றுப்புறமும் அப்போது போர்முனையிலிருந்து ஓடிவந்த சோவியத் மக்களால் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. உணவில்லை, தங்க இடமில்லை. 1942இன் தொடக்கத்தில் ஆண்டர்ஸ் படையும் அங்கே மாற்றப்பட்டது. தலைமையகம் தாஷ்கண்ட் அருகில் யாங்கி-யூல். குடும்பங்கள் படை முகாம்களைச் சுற்றி மண்குடிசைகளிலும் வாய்க்கால் கரைகளிலும் தங்கின.

அங்கே டைபஸ் பரவியது. இது டைபாய்டு அல்ல. டைபாய்டு கெட்ட உணவு, நீர் வழியாக வருவது. டைபஸ் உடுப்புப் பேன்களால் பரவுவது. குளிக்கவும் துணி வெளுக்கவும் வழியில்லாமல் மக்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் இடங்களில் அது காட்டுத்தீயாகப் பரவும். இரண்டு ஆண்டு அரைப்பட்டினியில் இளைத்த உடல்கள் தாங்கவில்லை. குசார் என்ற ஊரின் முகாமில் நாள்தோறும் பிணங்கள் வண்டியில் போயின. வயிற்றுப்போக்கும் மலேரியாவும் சேர்ந்துகொண்டன. காட்டில் பிழைத்த பலர் இங்கே இறந்தார்கள்.

இந்த வரலாற்றில் மனத்தை மிகவும் உலுக்குவது அடுத்து நடந்ததுதான். நாடுகடத்தியபோது அரசு குடும்பத்தைச் சேர்த்தே வைத்திருந்தது. வெளியேறும் வழி திறந்தபோது சேர்ந்து போக இயலவில்லை. படையில் சேர்ந்தவருக்கு உணவும், பின்னால் வெளியேறும் இடமும் உண்டு. அதனால் தந்தையும் மூத்த மகனும், சில இடங்களில் மூத்த மகளும், படைக்குப் போனார்கள். போலந்துத் தூதரகமும் படையும் அநாதை இல்லங்கள் திறந்தன. அங்கே ஒரு வேளைச் சூப்பாவது கிடைக்கும், வெளியேறும் பட்டியலில் குழந்தைகளுக்கு முன்னுரிமையும் இருக்கும். எனவே உயிரோடு இருந்த தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோய் அங்கே ஒப்படைத்தார்கள். சில தாய்மார்கள் பின்தொடர்ந்து வந்து சேர்ந்தார்கள். பலர் அங்கேயே இறந்தார்கள், அல்லது வெளியேறும் வழி மூடிய பிறகு மாட்டிக்கொண்டார்கள்.

ஆகவே 'அநாதைக் குழந்தைகள்' என்று செய்திகள் சொல்லும் அந்தக் கூட்டத்தில், தாய் தந்தை இருவரையும் இழந்தவர்கள் ஒரு பகுதி மட்டுமே. தந்தை படையில் இருந்த பிள்ளைகளும், தாய் எங்கே என்று தெரியாத பிள்ளைகளும், தாயே அனுப்பிவைத்த பிள்ளைகளும் அதில் இருந்தார்கள்.

காஸ்பியன் கடலைக் கடந்து

1942 மார்ச்சில் ஸ்டாலின் போலந்துப் படைக்கான உணவுப் பங்கை 44,000 பேருக்கு மட்டும் எனக் குறைத்தார். படையில் அதைவிட அதிகம் பேர் இருந்தார்கள். அவர்களும் தங்கள் ரொட்டியைச் சுற்றியிருந்த குடும்பங்களோடு பகிர்ந்து உண்டுகொண்டிருந்தார்கள். மிஞ்சியவர்களை ஈரானுக்கு அனுப்ப ஒப்புதல் கிடைத்தது. ஈரானில் அப்போது பிரிட்டிஷ், சோவியத் படைகள் இருந்தன.

1942 மார்ச் இறுதியில் ஒரு முறையும் ஆகஸ்டில் ஒரு முறையும் சோவியத் கரையிலிருந்த கிராஸ்னோவோட்ஸ்க் துறைமுகத்திலிருந்து கப்பல்கள் ஈரானின் பஹ்லவிக்குப் போயின. இன்று அந்த ஊருக்கு அன்சலி என்று பெயர். மொத்தம் சுமார் 1,15,000 பேர் வெளியேறினார்கள். மூன்றில் இரண்டு பங்கு படையினர், மீதி பெண்களும் குழந்தைகளும். கரையிறங்கியதும் பேன் படிந்த உடைகளை எரித்து, தலையை மொட்டையடித்து, புதிய உடை கொடுத்தார்கள். பட்டினி கிடந்த வயிறு திடீரெனக் கொழுப்பான உணவைத் தாங்காது. அதனாலேயே அங்கே பலர் இறந்தார்கள். தெஹ்ரானின் தூலாப் கல்லறையில் சுமார் 1,900 போலந்தியர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.

ஈரானிலிருந்து குடும்பங்கள் உலகெங்கும் சிதறின. கிழக்கு ஆப்பிரிக்காவில் இன்றைய தான்சானியாவின் தெங்கேரு, உகாண்டாவின் மசிந்தி, மெக்சிகோவின் சாந்தா ரோசா, நியூசிலாந்தின் பாகியாதுவா ஆகிய இடங்களில் குடியிருப்புகள் அமைந்தன. பாகியாதுவாவுக்கு மட்டும் 733 குழந்தைகள் போனார்கள்.

இந்தியாவின் பங்கு

இந்தியாவுக்கு வந்த முதல் குழு கப்பலுக்குக் காத்திருக்கவில்லை. பம்பாயில் இருந்த போலந்துத் துணைத்தூதர் பனாசின்ஸ்கியும் அவர் மனைவி கீராவும் நிவாரணப் பொருள்களோடு லாரிகளைச் சோவியத் எல்லைக்குள் இருந்த அஷ்காபாத் வரை அனுப்பினார்கள். திரும்பும்போது அந்த லாரிகளில் குழந்தைகளை ஏற்றினார்கள். மஷாத், ஜாஹிதான், குவெட்டா வழியாக அவர்கள் பம்பாய் வந்தார்கள். 1942இல் ஜாம்நகர் அருகே கடற்கரையில் உள்ள பாலாச்சடியில் முகாம் திறக்கப்பட்டது. ஜாம் சாகேப் அப்போது இந்திய மன்னர்கள் அவையின் தலைவர். பிற சமஸ்தானங்களிடமிருந்தும் அவர் நிதி திரட்டினார். 1946 வரை ஆயிரம் குழந்தைகள் வரை அங்கே தங்கி வளர்ந்ததாகக் கணக்கிடப்படுகிறது.

கோலாப்பூர் அருகே வளிவடேயில் 1943இல் அமைந்த முகாம் இதைவிடப் பெரியது. சுமார் 5,000 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். பள்ளிகள், தேவாலயம், சாரணர் இயக்கம் எல்லாம் இருந்த ஒரு சிறிய போலந்து ஊராக அது 1948 வரை இயங்கியது. ஜாம் சாகேபின் பெயர் அளவுக்கு வளிவடே நம் செய்திகளில் இடம்பெறுவதில்லை. பிரிந்த குடும்பங்கள் கொஞ்சமாவது கூடி வாழ்ந்த இடம் என்பதால் அதற்கு இன்னும் கூடுதல் கவனம் கிடைக்க வேண்டும்.

வெளியேறாதவர்கள்

1,15,000 பேர் வெளியேறினார்கள் என்றால் அதைவிட அதிகம் பேர் உள்ளேயே இருந்தார்கள் என்று பொருள். தொலைவில் இருந்ததால் வர முடியாதவர்கள், நோயாளிகள், செய்தி கிடைக்காதவர்கள். மேலும், போலந்துக் குடிமக்களான உக்ரைனியர், பெலாரசியர், யூதர் ஆகியோரைத் தன் குடிமக்களாகவே கருதிய சோவியத் அரசு, அவர்கள் வெளியேறுவதைத் தடுத்தது. அதையும் மீறிச் சில ஆயிரம் யூதர்கள் ஆண்டர்ஸ் படையோடு வெளியேறினார்கள். பின்னாளில் இஸ்ரேல் பிரதமரான மெனாகெம் பெகின் அவர்களில் ஒருவர். 'தெஹ்ரான் குழந்தைகள்' எனப்பட்ட யூதச் சிறுவர் கூட்டம் 1943இல் பாலஸ்தீனம் சேர்ந்தது.

1940 ஜூனில் ரயிலில் ஏற்றப்பட்ட யூத அகதிகளுக்கு அது பெருங்கொடுமை. ஆனால் அவர்கள் விட்டுவந்த ஊர்களில் தங்கிய உறவினர்களை நாஜிகள் முற்றாக அழித்தார்கள். போருக்குப் பின் உயிரோடு எஞ்சிய போலந்து யூதர்களில் பெரும்பகுதியினர் சோவியத் உட்பகுதியில் இருந்தவர்கள். அந்தக் கொடுமையைச் சிறிதாக்கிக் காட்ட இதைச் சொல்லவில்லை. அந்தக் குடும்பங்களின் நினைவில் இரண்டும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன.

1943 ஏப்ரலில் கத்தீன் புதைகுழிகள் பற்றிய செய்தியை ஜெர்மனி வெளியிட்டது. போலந்து அரசு செஞ்சிலுவைச் சங்க விசாரணை கேட்டது. அதைக் காரணம் காட்டி மாஸ்கோ உறவை முறித்தது. உள்ளே இருந்தவர்களுக்குக் கதவு மூடிக்கொண்டது. பெரும்பாலோர் 1945–46இல்தான் போலந்து திரும்ப முடிந்தது. சொந்த ஊருக்கு அல்ல. கிரேசி இப்போது சோவியத் மண். ஜெர்மனியிடமிருந்து போலந்துக்கு வந்த மேற்குப் பகுதிகளில், ஜெர்மானியர்கள் காலி செய்த வீடுகளில் அவர்கள் குடியேற்றப்பட்டார்கள். இன்னொரு பகுதியினர் 1950களின் இரண்டாம் பாதியில் திரும்பினார்கள்.

வெளிநாடுகளில் இருந்தவர்களுக்கும் இதே சிக்கல். 1945 பிப்ரவரியில் யால்டா மாநாட்டில் அவர்கள் ஊர்கள் சோவியத்துக்கு விட்டுக்கொடுக்கப்பட்டன. இத்தாலியில் மோன்டே காசினோ மலையைப் பிடித்த ஆண்டர்ஸ் படைவீரர்களுக்குத் திரும்ப வீடு இல்லை. 1947இல் பிரிட்டன் அவர்களுக்காகத் தனிச் சட்டம் இயற்றிக் குடியேற அனுமதித்தது. பாலாச்சடி, வளிவடே பிள்ளைகள் பலர் தந்தையைத் தேடி அங்கே போனார்கள்.

எண்ணிக்கை ஏன் மாறுகிறது?

நாடுகடத்தப்பட்டவர்கள் 10 லட்சம் என்றும் 17 லட்சம் என்றும் படித்திருக்கலாம். மேலே நான்கு அலைகளுக்குத் தந்த எண்களைக் கூட்டினால் சுமார் 3.2 லட்சம்தான் வரும். முதல் எண்கள் போர்க்காலத்தில் போலந்துத் தரப்பு செய்த மதிப்பீடுகள். இரண்டாவது, 1990களில் திறக்கப்பட்ட என்.கே.வி.டி. ஆவணங்களிலிருந்து வருவது. ரயில் வாரியாக எழுதப்பட்ட அந்த ஆவணங்களைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் நம்பகமானவை என ஏற்கிறார்கள். ஆனால் அதில் தனியாகக் கைதானவர்கள், போர்க்கைதிகள், செஞ்சேனையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள் அடங்கமாட்டார்கள். அவர்களையும் சேர்த்தால் பாதிக்கப்பட்டவர்கள் எண்ணிக்கை பெருமளவு உயரும். இரண்டு எண்களையும் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றைப் போடுவதே குழப்பத்துக்குக் காரணம்.

போலந்தில் கம்யூனிச ஆட்சி இருந்தவரை இதைப் பொதுவெளியில் பேச முடியவில்லை. தாய்மார்கள் பேரப்பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை. பிறப்பிடம் கசகஸ்தான் என்று சான்றிதழில் இருந்தவர்கள் காரணம் கேட்டால் மௌனம்தான் பதில். 1990 ஏப்ரலில் கத்தீன் படுகொலையைச் செய்தது என்.கே.வி.டி.தான் என்று கோர்பச்சேவ் அரசு ஒப்புக்கொண்டது. 2021 செப்டம்பர் 17 அன்று பியாலிஸ்டாக் நகரில் சைபீரிய நினைவு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ரயில்கள் புறப்பட்ட இருப்புப்பாதையை ஒட்டிய பழைய இராணுவக் கிடங்கில் அது அமைந்திருக்கிறது.

ஒடுக்கப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றும் சோவியத் ஆவணங்களிலிருந்து தொகுக்கப்பட்டு இணையத்தில் திறந்திருக்கிறது. பெயர், தந்தை பெயர், பிறந்த ஆண்டு, அனுப்பப்பட்ட இடம், விடுவிக்கப்பட்ட நாள் எனச் சில வரிகள்தான் ஒவ்வொருவருக்கும். பாட்டி எந்தக் குடியிருப்பில் இருந்தார் என்பதைப் பிரிட்டனிலும் நியூசிலாந்திலும் போலந்திலும் உள்ள பேரப்பிள்ளைகள் இப்போது அதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.